நான்காவது நிழல்

ஓர் அறையில் நான்கு விளக்குகளுக்குத்தான்
நிழல் உண்டு. எஞ்சினின் சட்டம் அது.
ஐந்தாவதை வைத்தால்
எங்கோ ஒன்று கண்சிமிட்டி அணையும்.
எது என்று சொல்லாது.

பாம்பன் தெற்குவாடி ஐஸ் கம்பெனியில்
இரவு ஷிப்ட் எனக்கு.
கம்ப்ரசர் ஒழுங்காய் ஓடும்வரை
யாருக்கும் என் நினைவு வராது.
தெர்மாகோல் பெட்டிமேல் லேப்டாப்,
அதற்குள் ஒரு ராஜாவின் ஆயுதசாலை.
ராஜா செத்து எத்தனையோ காலம்.
கரண்ட் பில் மட்டும் நான் பார்க்கிறேன்.

சுவர்கள் ரிஸ்வியாவுடையவை.
கீழக்கரையிலிருந்து அனுப்புவாள்:
வளைவு, தூண், மாடம், கண்ணாடிப் பெட்டி,
மயிரிழை பிசகாமல்.
"எல்லாம் தெரியணும் டெல்வின்.
நாலு மாசம் சண்ட போட்டுச் சேத்த சாமான்,
இருட்டுல வச்சு என்ன பலன்?"
நான் வாளின் முனையை மட்டும் காட்டுவேன்.
பிடி இருட்டில் கிடக்கட்டும்,
பிடித்தவனுக்குத் தெரியும்.

அறைகள் இரண்டு.
கோப்புகளின் பெயர் வடகடல், தென்கடல்.
வடகடலில் கலங்கிய வெளிச்சம்,
கரையில் தாழை அழுகும் மேகமூட்ட நாளுடையது,
நிழலுக்கு விளிம்பே கிடையாது.
தென்கடலில் கச்சான் அடிக்கும் ஆனி மாதத்து
மத்தியானம் இரண்டு மணி.
நிழல் விழுந்த இடத்தில் கால் தடுக்கும்.

"இந்த மஞ்சள எங்கருந்து புடிச்ச?" என்றாள் ஒருநாள்.
சிவப்பு இருநூற்றைம்பத்தைந்து,
பச்சை நூற்றெழுபது, நீலம் அறுபது என்றேன்.
மீன் ஏலக் கூடத்துச் சோடியம் விளக்கு
என்று சொல்லவில்லை.

முதல் வாரம் கேடயம் அலமாரியைத் துளைத்து
தரைக்குள் போய்விட்டது.
கவசம் மாட்டிய பொம்மை
நான் வெளியே போய்த் திரும்பினால்
கதவருகே வந்து நிற்கும்.
அப்புறம் ஒரு கசிவு:
அந்த அறையின் சாம்பல் இந்த அறையின் மூலையில்.
மூன்று இரவு தேடினேன்.
சுவரில் ஓட்டை இல்லை.
நிழல் இல்லாத விளக்குக்குச்
சுவரும் இல்லை, அவ்வளவுதான்.

பிறகு அந்தச் செருப்பு.
இடதுகால், ஏழாம் நம்பர், ரோஸ் கலர்,
குதிகால் முழுக்கக் கொட்டலசு.
எந்தக் கரையிலிருந்து ஒதுங்கியதோ.
ஐஸ் பாளத்தின்மேல் வைத்துச்
சுற்றிச் சுற்றி எழுபத்திரண்டு படம் எடுத்தேன்.
லோடு ஏற்ற வந்த இன்னாசி
"என்னப்பா, போலீஸ் கேஸா?" என்றார்.
படங்களைத் தைத்து உருவமாக்க விடிந்துவிட்டது.
அறுந்த வார் மட்டும் காற்றில் நின்றது,
அதை அப்படியே விட்டேன்.

டிராகனை வெட்டிய கோடாலிக்கும்
ராஜாவின் கிரீடத்துக்கும் நடுவே
காலியாய் இருந்த பீடத்தில் வைத்து
அவளுக்கு அனுப்பினேன்.
திட்டுவாள் என்றிருந்தேன்.
மறுநாள் மாலை ஒரு குரல் செய்தி, இரண்டு நொடி:
"யாரோடது?"
தெரியாது.
"அப்ப அதுக்கு நெழல் வேணும்."

நான்கு விளக்கும் நிரம்பியிருந்தன.
வாளுக்கு, கிரீடத்துக்கு, கோடாலிக்கு ஒவ்வொன்று.
நான்காவது கதவுக்கு மேலே, உள்ளே வருபவனின் முதுகில்:
அவன் நிழலை அவனுக்கு முன்னால் அனுப்பி
எதிர்ச் சுவரில் நிறுத்தி வைக்கும்.
என் பெருமையெல்லாம் அந்த விளக்குதான்.
கிரீடத்தை அணைத்துப் பார்த்தேன்.
கோடாலியை. வாளை.
பாட்டரி இருபது சதவீதத்துக்கு வந்தது.

கதவு விளக்கைத்தான் கழற்றினேன்.
செருப்புக்கு மேலே, சற்று இடப்பக்கம் சாய்த்து,
ஆரம் முந்நூறு, மங்கல் குறைவாக.

கேரக்டரை வெளியே நிறுத்தி
ஒரு தடவை உள்ளே நடத்தினேன்.
எதிர்ச் சுவரில் கொட்டலசு ஒவ்வொன்றும்
தனித்தனியாய் விழுந்திருந்தது,
வார் சுண்டுவிரல் நீளத்துக்கு.
எனக்கு முன்னால் எதுவும் இல்லை.
நான் வந்ததை அறைக்கு
யாரும் சொல்லவில்லை.

தென்கடல், பதினேழாவது கோப்பு.
சேமிக்கும்போது வோல்டேஜ் இறங்கி
கம்ப்ரசர் ஒருமுறை இருமியது.
வெளியே லாரிக்காரன்
ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.